எதிரே யாரும் வராத சாலை

மலைச்சாலையின் வளைவுகளை மனப்பாடமாக அறிந்தவரும், முப்பத்தோராண்டு ஓட்டுநர் வாழ்வில் வண்டியில் ஒரு கீறல்கூட விழவிடாதவரும், நம் வாடகை வண்டி ஓட்டுநர் சங்கத்தின் தலைவருமாகிய அண்ணன் பரமானந்தம் அவர்களே! அவருக்கு இருபுறமும் வீற்றிருக்கும் சங்கத்துப் பொறுப்பாளர்களே! வெள்ளனே எழுந்து வண்டி துடைத்து, வர இருந்த சவாரியையும் வேண்டாமென்று சொல்லிவிட்டு, முன்வரிசையில் முழங்கால் மடக்கி அமர்ந்திருக்கும் மூத்த ஓட்டுநர்களே! கேரட் மூட்டையை இறக்கிய கையோடு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! வட்டக்கானலிலிருந்து நடந்தே மேடேறி வந்த என் தெருக்காரர்களே! பழனியிலிருந்து முதல் பேருந்தில் வந்து சேர்ந்த, என் பந்தயத் துணை சௌம்யாவின் பெற்றோரே! ஏரியைப் பார்க்க வந்து, மைக் சத்தம் கேட்டு நின்றுவிட்ட சுற்றுலாப் பயணிகளே! குளிரிலும் கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும், வட்டக்கானல் ஜீப் ஓட்டுநர் புஷ்பமேரியின் வணக்கத்தை வாயாலும் மனத்தாலும் வைக்கிறேன்.

பொறுங்கள், கை தட்டாதீர்கள். தட்டுவதற்குரிய எதையும் நான் இன்னும் சொல்லவில்லை.

மிஷன் பள்ளியில் படித்த காலத்தில், பேச்சுப் போட்டி என்றால் சிஸ்டர்மார்கள் என்னைத்தான் மேடையேற்றுவார்கள். அன்று அடுக்குமொழி பேசிப் பரிசு வாங்கிய வாய், அதன்பின் பதின்மூன்று ஆண்டுகளாக, "தூண் பாறை, பைன் காடு, பசுமைப் பள்ளத்தாக்கு, வாங்க சார், வாங்கம்மா" என்று கூவிக் கூவித் தேய்ந்துவிட்டது. இன்று மறுபடியும் மாலையும் மைக்கும் கிடைத்திருக்கின்றன. சும்மா விடுவேனா? கொஞ்சம் நேரமாகும். பிளாஸ்கில் டீ வைத்திருப்பவர்கள் இப்போதே ஊற்றிக்கொள்ளுங்கள்.

எனக்கு முன் பேசிய மூவரும் என்னைத் தியாகி என்றார்கள். வாசலில் கட்டியிருக்கும் பேனரில் என் படத்தைப் போட்டு, "கோப்பையை விட்டுக்கொடுத்த குணவதி" என்று எழுதி, பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தியையும் எரிய விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு இரண்டு பயணிகள், "அந்தம்மா எப்ப தவறிப்போனாங்க?" என்று என்னிடமே கேட்டுவிட்டார்கள். உயிரோடுதான் இருக்கிறேன், ஐயா! உயிரோடு இருப்பதனால்தான் சில உண்மைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்பானவர்களே! நம் ஊரில் சீசன் என்றால் என்ன? ஏப்ரலும் மேயும். அறை கிடைக்காது, நிறுத்த இடம் கிடைக்காது, சாப்பிட நேரம் கிடைக்காது. அந்தச் சீசனைத்தான் நான் அறிவேன். கார் பந்தயத்துக்கும் ஒரு சீசன் உண்டு என்பதை எனக்குச் சொன்னவர், கோவையில் பட்டறை வைத்து ஸ்போர்ட்ஸ் கார் பந்தய அணி ஒன்றை நடத்தும் குமரகுரு ஐயா. போன வருடம் ஜனவரியில் குடும்பத்தோடு என் வண்டியில் பழனிக்கு இறங்கினார். பத்தடிக்கு அப்பால் பாதை தெரியாத மூட்டம். பெருமாள்மலை தாண்டியதிலிருந்து அடிவாரம் வரை என் கையையும் காலையுமே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கியதும் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அம்மணி, ரேஸ் வண்டி ஓட்டிப் பாக்கறீங்களா?" என்றார். வளைவுகளில் தலை சுற்றிவிட்டது போலிருக்கிறது என்று எண்ணி, "எலுமிச்சம்பழம் தரவா சார்?" என்று கேட்டேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே கையில் எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு வண்டி, இரண்டு ஓட்டுநர்கள், இரண்டு மணி நேரம். முதல் பாதியை ஒருவர் ஓட்ட, மறுபாதியை மற்றவர் ஓட்ட வேண்டும். இப்படி ஐந்து பந்தயங்கள் சேர்ந்தது ஒரு சீசன். ஒவ்வொன்றிலும் எடுக்கும் புள்ளிகளைக் கூட்டி, முடிவில் மேலே நிற்கும் இருவருக்குச் சாம்பியன் கோப்பை. அந்தச் சிவப்பு வண்டியில் எனக்குத் துணையாக வந்தவள் சௌம்யா. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். கோவைக்கு என்ஜினியரிங் படிக்கப் போய்ப் பந்தயம் படித்துக்கொண்டவள். என்னைவிடப் பத்து வயது இளையவள். ஆனால் ஆறு ஆண்டு அனுபவக்காரி. மேடைக்கு வா என்றால் வர மாட்டேன் என்கிறாள். அதோ, அம்மாவின் தோளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள். ஒளிந்துகொள், உன் பெயரை ஊருக்குச் சொல்லாமல் இன்று நான் இறங்கப் போவதில்லை.

ஜூலையில் முதல் பந்தயம். அதில் என்ன நடந்தது தெரியுமா? ஒவ்வொரு வளைவு வரும்போதும் என் கட்டைவிரல் ஸ்டியரிங்கின் நடுவே ஹாரனைத் தேடியது. பந்தய வண்டியில் ஹாரன் கிடையாது, ஐயா! ஹாரன் அடிக்காமல் வளைவில் திரும்புவது நமக்கெல்லாம் செருப்பில்லாமல் முள்ளில் நடப்பது மாதிரி. அதோடு விட்டதா? வளைவுக்கு வளைவு இடது ஓரம் ஒதுங்கினேன், எதிரே பேருந்து வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில். காதில் மாட்டிய கருவி வழியாகக் குமரகுரு ஐயா கத்துகிறார்: "அம்மணி, எதுக்க யாரும் வரமாட்டாங்க! எல்லாரும் ஒரே பக்கந்தான் போறாங்க! ரோடு முழுக்க உங்களுதுங்க!"

ரோடு முழுக்க உங்களுது! இந்த வார்த்தையை என்னிடம் யாராவது முன்பு சொல்லியிருக்கிறார்களா? உங்களிடம் சொல்லியிருக்கிறார்களா? பதின்மூன்று ஆண்டுகளாகப் பாதிச் சாலையில் வாழ்ந்தவள் நான். மறுபாதி எதிரே வருகிறவருக்கு. பால்வண்டிக்கு, பள்ளிப் பேருந்துக்கு, பாறை உருண்டு விழுந்தால் பாறைக்கு! எப்போதும் எதிர்பார்த்து, எப்போதும் ஒதுங்கி, எப்போதும் ஒரு கால் பிரேக்கின் மேலேயே வைத்திருந்தவளுக்கு, எதிரே யாரும் வராத சாலை ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்த அந்தக் கணத்திலிருந்து எனக்குப் பழைய தூக்கம் இல்லை.

முதல் பந்தயத்தில் ஆறாவதாக வந்தோம். இரண்டாவதில் மழை. மற்றவர்கள் வழுக்குகிறது வழுக்குகிறது என்று வண்டியை மெதுவாக்கினார்கள். மழையில் ஓட்டுவது நமக்குப் புதிதா? ஈரமில்லாத சாலையைக் கொடுத்தால்தான் நமக்குச் சந்தேகம் வரும்! அன்றைக்கு முதலிடம். மூன்றாவதில் கியர் உடைந்து பாதியில் நின்றோம். நான்காவதில் சௌம்யா ஓட்டினாளே ஓட்டம்! கடைசி முப்பது நிமிடத்தில் நான்கு வண்டிகளைத் தாண்டினாள். மறுபடியும் முதலிடம். ஒவ்வொரு பந்தயத்துக்கும் வெள்ளிக்கிழமை மலையிறங்குவேன், ஞாயிறு முடித்துத் திங்கள் மதியம் இங்கே சவாரிக்கு நிற்பேன். இப்படியே நவம்பர் வந்தது. ஐந்தாவது, கடைசிப் பந்தயமும் வந்தது.

அன்றைய கணக்கு சின்னப் பிள்ளைக்கும் புரியும். எங்களுக்குச் சமமாக ஒரு மஞ்சள் வண்டி. அதற்கு முன்னால் நாங்கள் முடித்தால் கோப்பை எங்களுக்கு. எங்களுக்கு முன்னால் அது முடித்தால் அவர்களுக்கு. வேறு எதுவும் இல்லை.

முதல் ஒரு மணி நேரம் சௌம்யா ஓட்டி, மஞ்சள் வண்டியைப் பின்னால் தள்ளி, வண்டியை என் கையில் கொடுத்தாள். இறங்கும்போது என் ஹெல்மெட்டில் தட்டி, "அக்கா, வெரசாப் போங்க. நம்ம கைலதான் கெடக்கு" என்றாள். ஆமாம், எங்கள் கையில்தான் கிடந்தது. ஒரு மணி நேரம் நான் அதைக் காப்பாற்றினேன். ஐம்பத்தெட்டு நிமிடம் காப்பாற்றினேன் என்று திருத்திச் சொல்கிறேன்.

கடைசிச் சுற்று. லேசான தூறல். மாலை வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்கிறது. கண்ணாடியில் மஞ்சள் வண்டி. அதன் முன்விளக்கு மின்னுகிறது. ஒன்று... இரண்டு... மூன்று.

இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் இப்போது பெருமூச்சு விட்டீர்கள். நீங்கள் ஓட்டுநர்கள், உங்களுக்குப் புரிந்துவிட்டது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் மலையில் பின்னாலிருந்து விளக்கு மூன்று முறை மின்னினால் இரண்டில் ஒரு பொருள்தான். ஒன்று, அந்த வண்டிக்குப் பிரேக் பிடிக்கவில்லை. அல்லது உள்ளே உயிருக்குப் போராடுகிற ஒருவர் இருக்கிறார். யார், எவர், என்ன என்று கேட்கக் கூடாது. யோசிக்கக் கூடாது. இடதுபுறம் ஒதுங்கி வழிவிட வேண்டும். எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம் இது. மறந்துபோய்க்கூட இதை விளையாட்டுக்குச் செய்கிற ஓட்டுநர் இந்த மலையில் ஒருவரும் இல்லை.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு மார்கழிக் காலை. பழனிச் சாலையில் பயணிகளோடு இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் மூன்று மின்னல். ஒதுங்கினேன். முட்டைக்கோஸ் ஏற்றிய வேன் ஒன்று என்னை உரசிக்கொண்டு பறந்து, அடுத்த வளைவில் மண்மேட்டில் ஏறி நின்றது. முட்டைக்கோசுகள் மட்டும் நிற்காமல் பள்ளத்தில் உருண்டன. ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், உள்ளே ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி அழகுமலை அண்ணன். "ஏ புஷ்பா, பிரேக்கு போச்சு... நீ மட்டும் ஒதுங்கலைன்னா ரெண்டு பேரு சோலியும் முடிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அங்கே மூன்றாவது வரிசையில் எழுந்து நிற்கிறார் பாருங்கள், அவர்தான். என்ன அண்ணே, சொல்லுங்கள்... "தியாகந்தான்! ஆயிரம் பேரு சொன்னாலும் அது தியாகந்தான்!" என்கிறார். உட்காருங்கள் அண்ணே. உங்கள் அன்பு எனக்குத் தெரியும். அந்த வார்த்தைக்குத்தான் இப்போது வருகிறேன்.

தியாகம் என்றால் என்ன? கையில் இருப்பதன் அருமை தெரிந்து, கொடுத்தால் போய்விடும் என்பதும் தெரிந்து, தெரிந்தே கொடுப்பது தியாகம். நான் தெரிந்தா கொடுத்தேன்? யோசித்தா கொடுத்தேன்? விளக்கு மின்னியது, என் கை இடதுபுறம் திருப்பியது, என் கால் பிரேக்கை மிதித்தது. மஞ்சள் வண்டி என்னைத் தாண்டிப் போன பிறகுதான் புத்தி வந்தது. பந்தயக்காரர்களிடம் அதற்குப் பொருள், "நான் வந்துவிட்டேன், முடிந்தால் தடுத்துப் பார்" என்பது. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆட்டத்தில் உள்ளதுதான். காதுக்குள் குமரகுரு ஐயாவின் குரல்: "ஏனுங்க அம்மணி வழி விட்டீங்க? ஏனுங்க?" ஒரு வண்டி நீளத்தில், ஒரே ஒரு வண்டி நீளத்தில், சீசன் முழுவதும் சேர்த்ததைக் கொட்டிவிட்டேன்.

வண்டியை நிறுத்திவிட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். சௌம்யாதான் வந்து கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றினாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "உள்ள யாரோ சீக்காளி இருக்காங்கன்னு நெனச்சுட்டீங்களாக்கா?" ஆமாம் என்று தலையாட்டினேன். அவளும் இந்த மலையடிவாரத்துப் பெண் அல்லவா? வேறு எந்த ஊர்க்காரியாக இருந்தாலும் அந்தக் கேள்வி அவள் வாயில் வந்திருக்காது. அதன் பிறகு இரண்டு பேரும் அந்தச் சின்ன வண்டிக்குள் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதோம்.

ஆறு ஆண்டு ஓடியும் ஒரு கோப்பை கையில் ஏந்தாத பெண், ஐயா அவள்! அவளுடைய கோப்பையையும் சேர்த்து இழந்தவள் நான். என் பெயரைப் போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுகிறீர்களே, அவள் இழந்ததற்கு எந்தப் பேனரில் எழுதுவது? தங்கை சௌம்யா, உன் அப்பா, அம்மா, இந்த ஊர் எல்லோரும் கேட்கச் சொல்கிறேன்: என்னை மன்னித்துவிடு. மலையின் பண்பாடு, மனிதநேயம் என்றெல்லாம் மாலை போட்டு என் தவறை யாரும் மறைக்க வேண்டாம். அது தவறு. என் தவறு.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மேடையில் சொல்லத் தயங்குகிற விஷயம். ஆனால் மைக்கை விட்டால் வேறு எங்கே சொல்வேன்?

எனக்கு அந்த வண்டி வேண்டும்.

நவம்பருக்குப் பிறகு நான் நானாக இல்லை. ஏரிக்கரையில் பயணிகளுக்காகக் காத்திருக்கும்போது கண்ணை மூடுகிறேன். இல்லாத கியரை என் கை மாற்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை திருப்பலியில் முழங்காலிட்டிருக்கிறேன். சாமியார் பிரசங்கம் செய்ய, நானோ நான்காவது வளைவில் எங்கே பிரேக் பிடித்திருக்கலாம் என்று யோசிக்கிறேன். ஆண்டவர் மன்னிப்பார், சாமியாரும் இதோ சிரிக்கிறார், அவரும் மன்னித்தார் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் பள்ளம் இல்லாத அந்த நேர்கோட்டை நினைக்கிறேன். தரையிலேயே உட்கார்ந்து பறக்கிற மாதிரி அந்தத் தாழ்ந்த இருக்கையை நினைக்கிறேன். சூடான டயரும் பெட்ரோலும் கலந்து மூக்கில் ஏறுமே, அந்த வாசனையை நினைக்கிறேன். நம் யூக்கலிப்டஸ் வாசனையை உலகமே தேடி வருகிறது. நான் அதற்கு நடுவே நின்றுகொண்டு டயர் வாசனைக்கு ஏங்குகிறேன். இதை ஏக்கம் என்று சொல்லாமல் வேறு என்ன பெயரிட்டு அழைப்பேன்?

முப்பத்து நான்கு வயதில் ஒரு பெண் இப்படி ஏங்கலாமா? ஏங்கலாம்! குடும்பம் உள்ளவள் ஏங்கலாமா? ஏங்கலாம்! தோற்றவள் ஏங்கலாமா? தோற்றவளைத் தவிர வேறு யார் ஏங்குவார்கள்? ஜெயித்தவர்களுக்கு ஏக்கம் எதற்கு, கோப்பை இருக்கிறதே!

போன வாரம் குமரகுரு ஐயா கூப்பிட்டார். "அம்மணி, அடுத்த சீசனும் உங்களுக்கும் சௌம்யாவுக்குந்தான் வண்டி. ஆனா இந்தத் தடவை வெள்ளிக்கிழமை வந்து திங்கக்கிழமை ஓடற சோலி ஆகாதுங்க. உங்க கை இன்னும் மலையிலயே இருக்குது. தை மாசத்துல இருந்து இங்கயே தங்கணும். பத்து மாசம்" என்றார். அன்று வீட்டில், வட்டக்கானல் விடுதியில் சமையல் செய்யும் என் கணவர் ராபினிடம் சொன்னேன். வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டார். அரிந்து முடித்துவிட்டுச் சொன்னார்: "போறதுன்னா முழுசாப் போ புஷ்பா. பாதி மனச இங்க வச்சிட்டுப் போனேன்னா அங்க மறுபடியும் ஒதுங்கத்தான் செய்வ." கண்ணைத் துடைத்தார். வெங்காயம் என்று சொல்லிக்கொண்டார். நானும் நம்பினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பெரியோர்களே, தாய்மார்களே, ஒரு முடிவைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன். கொண்டை ஊசி வளைவுகளில் வளர்ந்தவள், நேராக வந்துவிடுவேனா?

இந்த மேடைக்குப் பின்சுவரில் நம் கரும்பலகை தொங்குகிறது. நாற்பது வண்டிகள், நாற்பது எண்கள். அந்த வரிசைப்படிதான் நமக்குச் சவாரி. எண் இல்லாதவர்கள் வெளியே நின்று மிச்சம் மீதியைப் பார்க்க வேண்டும். அறுபது நாள் வண்டி இங்கே வந்து நிற்காவிட்டால் எண் போய்விடும்; காத்திருப்போர் வரிசையில் முதலில் நிற்பவருக்கு அது சேரும். யாருக்காகவும் இந்த விதியை நாம் தளர்த்தியதில்லை. என் எண் பதினான்கு. அதை வாங்க ஐந்து வருடம் வெளியே நின்றேன். மழையில் நின்றேன். வயிற்றில் பிள்ளையோடு நின்றேன்.

அண்ணன் பரமானந்தம் அவர்களின் சட்டைப் பையில் ஒரு தாள் இருக்கிறது. எனக்காக அந்த விதியைத் தளர்த்தி, பத்து மாதமும் பதினான்கை எனக்கே வைத்திருப்பதாகத் தீர்மானம். இரகசியம் என்று சொன்னார்கள். இந்த ஊரில் இரகசியம் ஏது? அண்ணே, அதை எடுத்துவிட்டீர்களா? வேண்டாம் அண்ணே. உள்ளே வையுங்கள்.

கூட்டம் ஏன் சத்தம் போடுகிறது? கேளுங்கள், கேளுங்கள். நான் கோபத்தில் சொல்லவில்லை. இதற்கும் தியாகம் என்று பெயர் வைத்துவிடாதீர்கள். கண்ணாடியில் பின்னால் ஓர் எண் எனக்காகக் காத்திருப்பது தெரிந்தால், நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். எனக்கு அந்தக் கோப்பை வேண்டும். சௌம்யாவின் கையில் அதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். கிடைக்காமலே போகலாம். பத்து மாதம் கழித்துத் தோற்று வந்து, காத்திருப்போர் வரிசையில் கடைசியில் நிற்கலாம். நின்றால், அப்போது யாரும் பேனர் கட்டாதீர்கள்; ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், போதும்.

அண்ணே, அந்தத் துணியை எடுங்கள். பதினான்கை அழியுங்கள். பிறகு என்று சொல்லாதீர்கள்; பிறகு என்றால் என் மனம் மாறிவிடும். என் கண் முன்னாலேயே அழியுங்கள். பயணிகளே, கொஞ்சம் நகருங்கள், அண்ணனுக்குப் பலகை எட்டட்டும்... அண்ணன் துணியை எண்ணின் மேல் வைக்கிறார். ஒன்று போயிற்று, நான்கும் போயிற்று.

எண்ணை அழித்தது போதாது, அண்ணே. பக்கத்தில் பெயர் இருக்கிறது. அதையும்.

இத்தனை நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட காதுகளுக்கும், இத்தனை வருடம் எனக்குப் பக்கத்தில் நின்ற வண்டிகளுக்கும், வாழ்த்த வந்த உள்ளங்களுக்கும், வார்த்தை கிடைக்காத என் நன்றி. தங்கை சௌம்யா, பையை எடுத்துக்கொள், பழனிப் பேருந்துக்கு நேரமாகிறது; இரவுக்குள் கோவை சேர வேண்டும். எல்லோருக்கும் வணக்கம். போய் வருகிறேன்.